உளவியல் படிக்கப் போகிறவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும்: வாசகர் கேள்வி – பதில்

கல்லூரிச் சேர்க்கை நடைபெறும் காலம் என்பதால், இம்முறை நமக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி உளவியல் படிப்பைப் பற்றியவையாகவே இருந்தன. படிக்க விரும்புவோர், படித்துக்கொண்டிருப்போர், பிள்ளைகளைச் சேர்த்துவிட்டுக் கவலைப்படுவோர் என மூன்று தரப்பினரும் எழுதியிருக்கிறார்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர்ப்பெயரை மட்டும் தந்திருக்கிறோம்.

பிளஸ் டூ முடித்த மாணவி, தேனி: வணிகவியல் பிரிவில் படித்தேன். உளவியலில் சேர விரும்புகிறேன். "இனி இவளிடம் பேசவே பயமாக இருக்கும், மனதில் இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவாள்" என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள். உண்மையில் முதலாண்டில் என்ன சொல்லித் தருவார்கள்?

உங்கள் உறவினர்கள் நிம்மதியாக இருக்கலாம். மூன்றாண்டு படித்து முடித்த பிறகும் எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதை உங்களால் கண்டுபிடிக்க முடியாது. முறையாகப் படித்திருந்தால், அவ்வாறு கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்பவர்களை நம்பக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

முதல் பருவத்தில் ஏமாற்றம் அடையும் மாணவர்கள் அதிகம். கனவுகளையும் ஆழ்மனத்தையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு நரம்பணுவின் அமைப்பும் மூளையின் பகுதிகளும் கண்ணின் விழித்திரையும் பாடமாக வந்து நிற்கும். அதன்பின் புலக்காட்சி, கவனம், கற்றல், நினைவு, ஊக்கம், மனவெழுச்சி, நுண்ணறிவு, ஆளுமை என்று அத்தியாயங்கள் வரிசையாக வரும். 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்லெல்ம் வுண்ட் ஆய்வகம் தொடங்கியது, எபிங்ஹவுஸ் என்ற ஆய்வாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தாமே மறந்து, மறதியின் வேகத்தை அளந்து 1885-இல் வெளியிட்டது, உணவு வரப்போகும் அடையாளம் கண்டதுமே பாவ்லோவின் நாய்களுக்கு எச்சில் ஊறியது ஆகியவையெல்லாம் முதலாண்டுத் தேர்வுக்கு உரியவை. ஆழ்மனத்தைப் பற்றி எழுதிய ஃபிராய்டும் வருவார், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு அவருக்குப் பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்காது.

இவற்றோடு சேர்ந்தோ அடுத்த ஆண்டிலோ புள்ளியியல் வரும். சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவுக் கெழு, டி-சோதனை என்று பலகையில் எழுதத் தொடங்கியதும் வகுப்பில் பாதிப் பேரின் முகம் வாடிவிடும். வணிகவியல் படித்த உங்களுக்கு இந்த இடத்தில் ஒரு சாதகம் உண்டு. இந்தக் கணக்குகளை ஒரு சடங்காகச் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டுப் போகிறவர்கள் பலர். என் பார்வையில் அவர்கள் படிப்பின் முக்கால் பங்கைத் தவறவிட்டவர்கள். "சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் நன்றாகத் தூக்கம் வரும்" என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். உளவியல் மாணவி கேட்க வேண்டியது, எண்ணெய் தேய்க்காதவர்களோடு ஒப்பிட்டோமா, தூக்கத்தை எதைக் கொண்டு அளந்தோம், விடுமுறை நாளின் ஓய்வு காரணமா எண்ணெய் காரணமா, எத்தனை பேரிடம் பார்த்தோம், தற்செயலாக இவ்வளவு வேறுபாடு வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்விகளை. மனிதர்களைப் பற்றி எல்லோரும் எதையாவது உறுதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும் உலகில், அந்த உறுதியைச் சோதித்துப் பார்க்கும் வழிமுறைதான் இந்தப் படிப்பின் சாரம். அதில் ஆர்வம் இருந்தால் சேருங்கள். பல கல்லூரிகளில் எந்தப் பிரிவில் படித்தவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அறிவியல் பாடம் கேட்கும் கல்லூரிகளும் இருப்பதால் விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாணவி ஒருவரின் தந்தை, கரூர்: என் மகள் பி.எஸ்ஸி. உளவியல் இரண்டாமாண்டு படிக்கிறாள். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவதும், இரண்டு கோடுகளில் எது நீளம் என்று சொல்வதும், அதை ரெக்கார்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுவதுமாக இருக்கிறாள். கட்டணம் கட்டுகிற எனக்கு இது விளையாட்டாகத் தெரிகிறது. இதனால் என்ன பயன்?

நீங்கள் குறிப்பிட்டிருக்கும் இரண்டு சோதனைகளும் உளவியல் வரலாற்றில் பெரிய இடம் பெற்றவை என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் கண்ணாடி. கையை நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு மறைப்பை வைத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரத்தின் இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் முறை கை தாறுமாறாகப் போகும். பத்தாவது முறை ஓரளவு பழகிவிடும். 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, தீராத வலிப்பு நோய்க்காக மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் கணிசமான பங்கை அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து அவருக்குப் புதிய நினைவுகள் தங்கவில்லை. சற்று முன் பேசியவரை, அவர் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பியதும் புதியவராகவே கருதினார். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் இவருக்கு, உங்கள் மகள் செய்கிற அதே கண்ணாடி நட்சத்திரச் சோதனையை மூன்று நாட்கள் தொடர்ந்து கொடுத்தார். ஒவ்வொரு நாளும், இதை இதற்கு முன் செய்ததே இல்லை என்றுதான் அவர் சொன்னார். ஆனால் பிழைகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. நடந்ததை நினைவுகூர்வதும் கை ஒன்றைப் பழகிக்கொள்வதும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன என்பதற்கு அந்தப் பென்சில் கோடுகள் சான்றாயின. விலை உயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

அடுத்தது கோடுகள். நுனியில் அம்புக்குறி உள்நோக்கி இருக்கும் கோடும் வெளிநோக்கி இருக்கும் கோடும் ஒரே நீளமாக இருந்தாலும் நம் கண்ணுக்கு வேறுபட்டுத் தெரியும். இதை முல்லர்-லையர் மயக்கம் என்பார்கள், 1889-இல் வெளியானது. இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரிக்கு வந்து தோடர் மக்களிடையே தங்கி, அவர்களுடைய பார்வை, செவி, தொடுவுணர்வு ஆகியவற்றை அளந்து 1905-இல் வெளியிட்டார். இந்தக் கோட்டு மயக்கத்துக்கு ஆங்கிலேயர்களைவிடத் தோடர்கள் குறைவாகவே ஆட்பட்டார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. பிற்காலத்தில், 1966-இல், பல நாட்டுச் சமூகங்களில் இதே சோதனையை நடத்திய ஆய்வொன்றும் ஊருக்கு ஊர் வேறுபாட்டைக் கண்டது. நேர்கோடுகளும் மூலைகளும் நிறைந்த கட்டடங்களுக்குள் வளர்வது காரணமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள், வாதம் இன்னும் ஓயவில்லை. 'ஐரோப்பியரிடம் பார்த்ததை மனித இனத்துக்கே உரியது என்று சொல்லிவிடலாமா' என்ற கேள்வியை உங்கள் மகளின் ரெக்கார்டு நோட்டில் இருக்கும் அந்த இரண்டு கோடுகளே எழுப்பிவிட்டன.

ரெக்கார்டு எழுதும் முறைக்கும் ஒரு காரணம் உண்டு. நோக்கம், கருவிகள், செய்முறை, பங்கேற்பாளரிடம் சொன்ன அறிவுரை, அவர் தம் அனுபவத்தைப் பற்றிச் சொன்னது, முடிவு, கலந்தாய்வு என்ற ஒழுங்கில் எழுதப் பழகும் மாணவி, கண்டதையும் தான் ஊகித்ததையும் வெவ்வேறு இடத்தில் எழுதக் கற்றுக்கொள்கிறாள். பின்னாளில் ஒரு குழந்தையின் கற்றல் குறைபாட்டைப் பற்றி அறிக்கை எழுத நேர்ந்தால் அந்தக் குழந்தைக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சீனியர்களின் நோட்டைப் பார்த்து எண்களை மாற்றி எழுதும் பழக்கம் பல கல்லூரிகளில் ஊறிப்போயிருக்கிறது. உங்கள் மகள் உண்மையாகவே ஒருவரை உட்கார வைத்துச் சோதனை செய்கிறாளா என்று கேளுங்கள். வீட்டில் ஆள் தேவைப்பட்டால் நீங்களே உட்காருங்கள்; நட்சத்திரம் வரைவது தோன்றுவதைப் போல எளிதல்ல.

வாசகர், மதுரை: உளவியலில் நடத்தப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை மறுபடி செய்து பார்த்தபோது பொய்த்துப் போய்விட்டன என்று படித்தேன். அப்படியானால் எதற்காக இதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள்?

நீங்கள் படித்தது பெரும்பாலும் 2015-இல் வெளியான ஒரு கூட்டு ஆய்வைப் பற்றியதாக இருக்கும். முன்னணி உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை, பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மறுபடியும் நடத்திப் பார்த்தார்கள். முதலில் வெளியானபோது அவற்றில் 97 விழுக்காடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத, முடிவுகளைக் காட்டியவை. மறுமுறை செய்தபோது 36 விழுக்காடுதான் அவ்வாறு காட்டின. மறைக்க வேண்டிய செய்தியல்ல இது. இந்தக் கணக்கை எடுத்தவர்களும் உளவியலாளர்களே.

ஆனால் எல்லாம் ஒரே அளவில் சரியவில்லை. நிறப்பெயரை வேறு நிற மையில் எழுதிவைத்து, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் தடுமாறுவோம் என்ற ஸ்ட்ரூப் சோதனை 1935-இலிருந்து எந்த ஊரில் செய்தாலும் ஏறத்தாழ அப்படியே வருகிறது. எபிங்ஹவுஸ் அளந்த மறதியின் வளைகோடும் அப்படித்தான். சரிந்தவற்றில் பல, குறைந்த எண்ணிக்கையிலான மாணவர்களை வைத்துச் செய்து, கேட்பவருக்கு ஆச்சரியம் தரும் முடிவைச் சொன்னவை. மேடைப் பேச்சாளர்களுக்கு மிகவும் பிடித்தவையும் அவையே. இனிப்பை உடனே தின்னாமல் பொறுத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு மறுபடி ஆராய்ந்தபோது அந்தத் தொடர்பு முன்பு சொன்னதில் பாதியளவுக்குத்தான் இருந்தது; குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்தபோது அதிலும் பெரும்பங்கு கரைந்தது. நாளைக்குச் சோறு உறுதியாகக் கிடைக்கும் என்று தெரிந்த வீட்டுக் குழந்தைக்குப் பொறுத்திருப்பது எளிது. அதை நாமே யோசித்திருக்கலாம்.

இதையெல்லாம் மறைத்துவிட்டு 1970-களின் பாடநூலை அப்படியே ஒப்பிக்கச் சொல்லும் வகுப்பறைகளும் இருக்கின்றன. உங்கள் கேள்வி அந்த வகுப்பறைகளைக் கேட்பதாக இருந்தால் அதில் நியாயம் உண்டு.

மாணவர், நாமக்கல்: எங்கள் வகுப்பில் நாற்பது மாணவிகள், மூன்றே மாணவர்கள். நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டின் பெரும்பாலான உளவியல் வகுப்புகளில் நிலை இதுதான். ஆண்களுக்கான போதை மறுவாழ்வு மையங்கள், சிறைச்சாலைகள், சிறுவர் கூர்நோக்கு இல்லங்கள் ஆகியவற்றில் ஆண் ஆற்றுப்படுத்துநர்களின் (மனநல ஆலோசகர்களின்) தேவை மிகுதி. படித்து முடியுங்கள், கிண்டல் அதுவரை தாக்குப்பிடிக்காது.

மூன்றாமாண்டு மாணவி, திருநெல்வேலி: இந்தப் பருவத்தில் மனநோய்களைப் பற்றிய நெறிபிறழ் உளவியல் பாடம். ஒவ்வொரு நோயைப் படிக்கும்போதும் அது எனக்கு இருப்பதாகவே தோன்றுகிறது. சென்ற வாரம் மனப்பதற்றம், இந்த வாரம் எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.). என் அம்மாவுக்கும் ஏதோ ஆளுமைக் கோளாறு இருப்பதாக நினைக்கிறேன். இது இயல்புதானா?

மிகவும் இயல்பு. மருத்துவ மாணவர்களிடம் நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டிருப்பது உளவியல் மாணவர்களிடமும் உண்டு. பாடநூலில் நோய்க்குறிகளாகப் பட்டியலிடப்பட்டிருப்பவற்றில் பல, சாதாரண மனிதர்களிடமும் சிறிய அளவில் இருப்பவை. பூட்டிய கதவை ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்க்காதவர் யார்? நோய் என்று சொல்வதற்கு அறிகுறி மட்டும் போதாது என்பதைப் பட்டியலுக்குக் கீழே இருக்கும் வரிகள் சொல்கின்றன. மாணவர்கள் வேகமாகக் கடந்துபோகும் வரிகளும் அவையே. எவ்வளவு காலமாக, நாளின் எவ்வளவு நேரம், எவ்வளவு துன்பம், அன்றாட வேலைக்கும் உறவுகளுக்கும் எவ்வளவு இடையூறு, உடல்நோயோ மருந்தோ காரணமா என்பவற்றையெல்லாம் பார்த்த பிறகே பயிற்சி பெற்ற ஒருவர் பெயர் சூட்டுவார். எடுத்துக்காட்டாக, மனச்சோர்வு நோய் என்று கருதுவதற்கு, குறைந்தது இரண்டு வாரங்கள், ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி அந்த நிலை நீடித்திருக்க வேண்டும்.

அந்தப் பட்டியல்களும் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-இல்தான் நீக்கியது. அதற்கு முன் படித்த மாணவர்கள் அதை நோய் என்றே மனப்பாடம் செய்து தேர்வெழுதினார்கள். ஒரு மனிதர் மேல் பெயரை ஒட்டும் முன் இந்த வரலாறு நினைவில் இருக்கட்டும்.

அம்மாவை விட்டுவிடுங்கள். அவர் உங்களிடம் ஆலோசனை கேட்டு வரவில்லை. சண்டையின் நடுவே "உனக்கு இன்ன கோளாறு" என்று ஒரு பாடநூல் பெயரைச் சொல்லிவிட்டால், அதன் பிறகு அவர் சொல்லும் எந்த நியாயமும் நோய்க்குறியாகவே உங்களுக்குக் கேட்கும்; அவருக்கோ பதில் சொல்ல வழியே இருக்காது. இத்தனைக்கும் பிறகு, தூக்கமின்மையோ பதற்றமோ வாரக்கணக்கில் நீடித்து உங்கள் படிப்பையும் சாப்பாட்டையும் கெடுக்கிறது என்றால், பாடநூலை மூடிவைத்துவிட்டு ஒரு மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ போய்ப் பாருங்கள். உளவியல் படிப்பவர்கள் உதவி கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

விடுதி மாணவி, கோயம்புத்தூர்: உளவியல் படிக்கிறேன் என்பதால் விடுதியில் எல்லோரும் தங்கள் பிரச்சினைகளை என்னிடம் கொட்டுகிறார்கள். போன மாதம் ஒரு தோழி, வாழவே பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இரகசியம் காப்பதுதான் எங்கள் தொழில் அறம் என்று வகுப்பில் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

இதை நீங்கள் படிக்கும் வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன்.

அந்தச் சத்தியத்தை மீறுங்கள். இன்றைக்கே மீறுங்கள். இரகசியம் காப்பது என்ற அறம், சிகிச்சை அளிக்கும் தகுதி பெற்றவருக்கும் அவரை நாடி வந்தவருக்கும் இடையே உள்ளது. அங்கேயும் உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. அதே சட்டம், உயிரைக் காப்பதற்குத் தேவையானபோது தகவலை வெளியிடவும் அனுமதிக்கிறது. நீங்களோ அவளுடைய சிகிச்சையாளர் அல்ல. நீங்கள் அவளுடைய தோழி. தோழிக்குரிய கடமை, அவளைத் தனியாக விடாமலிருப்பதும் பொறுப்பான பெரியவர் ஒருவரிடம் சேர்ப்பதும் ஆகும்.

தற்கொலையைப் பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு ஆதாரம் தரவில்லை. கேட்டதும் பாரம் குறைந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. "சாகணும்னு தோணுதா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா?" என்று அமைதியாகக் கேட்கலாம். யோசித்து வைத்திருக்கிறாள் என்றால் அந்த நிமிடத்திலிருந்து அவளோடு ஒருவர் இருக்க வேண்டும். வழி எதுவோ அது அவள் கைக்கு எட்டாமல் செய்யப்பட வேண்டும். விடுதிக் காப்பாளருக்கும், அவள் நம்பும் குடும்பத்தவர் ஒருவருக்கும் தெரிய வேண்டும். மருத்துவமனைக்குப் போக வேண்டும். "யாரிடமும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது, உன்னோடு நானும் வருகிறேன்" என்று அவளிடமே சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. அவள் கோபித்துக்கொள்ளலாம்; கோபிப்பதற்கு அவள் இருக்க வேண்டும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அவள் பேசாவிட்டால் நீங்கள் பேசி வழி கேட்கலாம். சென்னையில் 1986-இல் தொடங்கப்பட்ட சிநேகா அமைப்பும் இதற்காகவே இயங்குகிறது.

பொதுவாக விடுதியில் எல்லோரும் உங்களிடம் கொட்டுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் கற்றதை வைத்துத் தோழிகளுக்குச் சிகிச்சை செய்வது ஆபத்தானது. ஆற்றுப்படுத்துதலைக் கற்கும் முதுகலை மாணவர்கள்கூட முதலில் சக மாணவரை நோயாளியாக நடிக்கவைத்துப் பழகி, பிறகு மேற்பார்வையாளர் ஒருவரின் கண்காணிப்பில்தான் உண்மையான மனிதர்களோடு பேசத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு சந்திப்பையும் அவரிடம் சொல்லி, எங்கே அவசரப்பட்டோம், எங்கே அறிவுரை கூறிவிட்டோம் என்று திருத்திக்கொள்கிறார்கள். உங்களுக்கு அந்த மேற்பார்வையாளர் இல்லை. இரவு பதினொரு மணிக்குக் கேட்டதையெல்லாம் சுமந்துகொண்டு நீங்கள் தூங்க வேண்டியிருக்கிறது. "நாளைக்குப் பேசலாம், இப்போது எனக்குத் தேர்வு" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

முதலாண்டு மாணவர், புதுக்கோட்டை: பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழ்வழி. இங்கே எல்லாப் பாடநூல்களும் ஆங்கிலத்தில். தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும், முதல் இரண்டு பருவங்கள் கடினமாக இருக்கும். தமிழில் உளவியலே இல்லை என்று நினைக்காதீர்கள். ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்களில் 30 குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தல் முறைகளுக்கும் உரியவை என்பதால், ஆசிரியர் பயிற்சிக்காக எழுதப்பட்ட கல்வி உளவியல் நூல்கள் தமிழில் ஏராளம். தரம் முன்பின்னாக இருக்கும் என்றாலும், குழந்தை வளர்ச்சியையும் கற்றலையும் ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி, ஸ்கின்னர் ஆகியோரின் கருத்துகளை முதலில் அவற்றில் படித்துப் பொருளைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஆங்கில நூலுக்குப் போனால் சுமை பாதியாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்காக அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாணவர்களை அனுப்பும்போது நிலைமை தலைகீழாகிவிடும். அங்கே வரும் ஒரு தாய் "நெஞ்சு படபடங்குது, கை காலெல்லாம் அசதி, ஒண்ணுலயும் மனசு ஒட்டல" என்றுதான் சொல்வார். ஆங்கிலத்தில் சரளமாகப் பதில் எழுதும் மாணவி அவரிடம் அடுத்த கேள்வியை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விழிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு உங்களுக்குக் கூச்சம் இருக்காது. அதுவரை தேர்வறைக்குத் தேவையான ஆங்கிலத்தை விடாமல் படியுங்கள்.

தனியார் நிறுவன ஊழியர், சென்னை: வயது 34. மக்களின் பிரச்சினைகளைக் கேட்டு ஆலோசனை சொல்வதில் எனக்கு ஆர்வம். வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. உளவியல் படித்து, மாலை நேரத்தில் ஓர் ஆலோசனை மையம் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். வழி சொல்லுங்கள்.

முதல் தடை வழியிலேயே நிற்கிறது. உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து நிறுத்திவிட்டது. அதன் பிறகும் "சேர்க்கை நடைபெறுகிறது" என்று விளம்பரம் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். இந்த முடிவால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் குடும்பத் தலைவிகளுக்கும் ஒரு கதவு மூடப்பட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்க்காமல் முதுகலைப் பட்டம் பெற்றவர்கள் மறுநாளே பெயர்ப்பலகை மாட்டியதையும் நாம் பார்த்தோம்.

இரண்டாவது, பட்டம் வேறு, தொழில் உரிமை வேறு. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அத்துறையில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதுபவர் அவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியலில் முதுகலைக்குப் பின் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பை, மருத்துவமனைப் பயிற்சியோடு முடித்து, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்துகொண்டவர். அக்கழகத்துக்கான 1992-ஆம் ஆண்டின் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் அத்தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே நீக்கிவிட்ட நிலையில், மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு விலக்கு அளித்திருந்தார்கள். ஆகவே இந்தப் பாதை மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் நுழைகிறீர்கள். பொதுவான ஆற்றுப்படுத்துநர்களையும் பதிவுக்குள் கொண்டுவருவதற்கான சட்டம் 2021-இல் இயற்றப்பட்டிருக்கிறது. நாளை அது முழுமையாக நடைமுறைக்கு வரும்போது அரைகுறைத் தகுதியோடு தொடங்கிய மையத்தை மூட நேரலாம்.

ஆள் தேவை இல்லை என்று சொல்லவில்லை. 2015-16-இல் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநலக் கோளாறு உள்ளவர்களில், கோளாறைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாமல் இருந்தது தெரியவந்தது. அந்த இடைவெளியை நிரப்ப ஆர்வம் மட்டும் உள்ளவர்கள் முன்வரும்போது, உண்மையாகவே நோயுற்ற ஒருவருக்கு மருத்துவரிடம் போக வேண்டிய ஆறு மாதங்கள் ஆலோசனையிலேயே கழிந்துவிடுகின்றன. அதுதான் என் அச்சம்.

உங்கள் நிலையில் நான் சொல்லக்கூடியது இவ்வளவு. முதலில் ஒரு தற்கொலைத் தடுப்பு உதவிமையத்திலோ முதியோர் இல்லத்திலோ தன்னார்வலராகச் சேருங்கள். நல்ல அமைப்புகள் அவர்களே பயிற்சி தருவார்கள், மாலையும் ஞாயிறும் போதும். பிறர் துன்பத்தை அறிவுரை சொல்லாமல் கேட்க உங்களால் முடிகிறதா என்பது அங்கே சில மாதங்களில் தெரிந்துவிடும். முடிகிறது என்றால் இரண்டாண்டு வேலையை விட்டு நேரடி வகுப்பில் முதுகலை படிக்கக் குடும்பத்தோடு பேசிக் கணக்குப் போடுங்கள். பயிற்சிக்காக மாணவர்களிடமே பணம் வாங்கும் மையங்கள் பெருகிவிட்டன. சான்றிதழை மட்டும் தந்து அனுப்பும் இடங்களைத் தவிர்த்து, மேற்பார்வையாளர் யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உடனிருப்பார் என்று கேட்டுச் சேருங்கள். மருத்துவ உளவியலாளராகவே விரும்பினால், அந்த ஆண்டில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மறுவாழ்வுக் கழகத்தின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லாத கல்லூரி எவ்வளவு பெரிய கட்டடம் வைத்திருந்தாலும் முன்பணம் கட்டாதீர்கள்.